கைதட்ட வேண்டிய இடம்

போன ஞாயிற்றுக்கிழமை மாலை, உப்பளத்தில் ஒரு வீட்டுக் கூடத்தில், பதினைந்து பேர் முன்னிலையில் நான் எழுந்து நின்று பலமாகக் கைதட்டினேன்.

கைதட்டுவது ஒரு குற்றமா என்று கேட்பீர்கள். குற்றம்தான். நானே ஒப்புக்கொள்கிறேன். விவரம் தெரிந்தால் நீங்களும் ஒப்புக்கொள்வீர்கள்.

என் மனைவி தனத்தைப் பற்றி இந்தப் பத்தியில் எழுதக் கூடாது என்று வீட்டில் தடையுத்தரவு இருப்பது வாசகர்களுக்குத் தெரியும். அவள் சுட்ட அதிரசத்தைக் கதவுக்கு அண்டை கொடுக்கலாம் என்று போன தீபாவளிக்கு எழுதினேனே, அன்றிலிருந்து. இந்த வாரம் மட்டும் உத்தரவு தளர்ந்திருக்கிறது. ஏன் தெரியுமா? இதில் அசடு வழிவது நான்.

ஆறு மாதத்துக்கு முன்னால் ஒரு கொசுவலைக் கட்டை வாங்கப் போனேன். அங்கேதான் வினை ஆரம்பம்.

முத்தியால்பேட்டையில் காசிம் பாய் கடை. உத்தியோகம் முடிந்து ஊரைவிட்டுக் கப்பலேறுகிற வெள்ளைக்காரர்கள் வீட்டுச் சாமான் எல்லாம் கடைசியில் அங்கேதான் வந்து சேரும். நாற்காலி, மேஜை விளக்கு, காது உடைந்த சூப்புப் பாத்திரம்... அவற்றுக்கு நடுவில் மூன்று கிராமபோன் பிளேட்டுகள். பெரிய சைஸ். எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். நடுவில் ஒட்டியிருக்க வேண்டிய லேபிள் ஒன்றிலும் இல்லை. பசையின் ருசிக்காகக் கரப்பான்கள் சுரண்டித் தின்றிருந்தன. பாட்டின் பெயர் கிடையாது, வாசித்தவர் பெயர் கிடையாது, நம்பரும் கிடையாது.

“பேரு போனா என்ன முசே, பாட்டு போகலையே” என்றார் பாய். எனக்குக் கோர்ட்டில் வேலை என்பதால் அவருக்கு நான் முசே, பிரெஞ்சுக்காரர் பாஷையில் ஐயா. அந்த மரியாதைக்காகவே அவரிடம் தேவையில்லாத பொருள்கள் நிறைய வாங்கியிருக்கிறேன்.

கொசுவலைக் கட்டையை மறந்துவிட்டு பிளேட்டுகளோடு வீடு வந்தேன். தனம் என் கையைப் பார்த்தாள். கொசுக்களும் பார்த்திருக்கும்.

எங்கள் கிராமபோன் அதுவரை நாடகப் பாட்டும் ஒரு நாதஸ்வரமும் தவிர வேறொன்றும் அறியாதது. சாவி கொடுத்து ஊசியை வைத்தேன். பியானோ. வெறும் பியானோ மட்டும். பாட்டுக்காரர் எப்போது வாய் திறப்பார் என்று முதல் பக்கம் முழுக்கக் காத்திருந்தேன். அவர் வரவே இல்லை. மூன்று பிளேட், ஆறு பக்கம், ஒரு மனிதக் குரல் இல்லை. ஏமாந்துவிட்டோம் என்றுதான் அன்றைக்குப் பட்டது.

இருந்தும் மறுநாள் போட்டேன். அதற்கு மறுநாளும்.

எந்த நாளில் அது நடந்தது என்று சொல்லத் தெரியவில்லை. ஓரத்தில் விரிசல் விட்ட ஒரு பிளேட் இருந்தது. அது மெதுவாக நடக்கிற பிளேட். அதன் இரண்டாவது பக்கம் முடிகிற இடத்தில் ஒரே சுரத்தை மூன்று தரம் தட்டுவார்கள். முதல் தட்டு. இரண்டாவது தட்டு. மூன்றாவது மட்டும் கொஞ்சம் தாமதித்து வரும்... வரும் என்று எனக்குத் தெரியும். நேற்றும் வந்தது, முந்தாநாளும் வந்தது. ஆனாலும் அது வந்து விழுகிறவரை மூச்சு விட மறந்துபோவேன்.

எனக்கு நாற்பத்து நான்கு வயது. கோர்ட்டில் பழைய வழக்குக் கட்டுகளை நடுவில் வைத்துக்கொண்டு அந்த மூன்று தட்டுகளை விரலால் மேஜையில் தட்டிப் பார்த்தேன் என்றால் அதற்கு என்ன பெயர்? காதல் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. வேறு சொல் அகப்படவில்லை.

சரி, காதல் வந்தாயிற்று. வரிசை?

இங்கேதான் நான் என் மேதாவிலாசத்தைக் காட்டினேன். லேபிள் இல்லாததால் எது முன், எது பின் என்று தெரியாது. ஆனால் நான் யார்? இருபது வருஷமாகக் கோர்ட்டில் காகிதங்களை வரிசைப்படுத்தி அடுக்குகிறவன். ஒரு பிளேட் நல்ல நிமிர்வோடு தொடங்கியது. அது முதலாவது. இன்னொன்றில் ஒரே ஓட்டம், ஒரே ஆர்ப்பாட்டம். மூன்றாவது, என் விரிசல் பிளேட். நம் கச்சேரியில் என்ன செய்கிறார்கள்? ஆர்ப்பாட்டமெல்லாம் நடுவில் வைத்துக்கொள்வார்கள், தனி ஆவர்த்தனம் அடித்து ஓய்வார்கள், கடைசியில் சாந்தமாக மங்களம் பாடி எழுந்துவிடுவார்கள். உலகத்தில் சங்கீதம் என்றால் அப்படித்தானே இருக்க முடியும்? எனவே ஓட்டத்தை நடுவில் போட்டேன். விரிசல் பிளேட்டை மங்களமாக்கினேன்.

முதல் வாரமே தனம் அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள்.

“அது முடியலீங்க. போய்ட்டு வரேன்னு சொல்லிட்டு வாசல்லயே நிக்கிற மாதிரி இருக்குது.”

நான் சிரித்தேன். மங்களம் என்றால் என்ன, அதன் தத்துவம் என்ன என்று அரை மணி நேரம் அவளுக்கு விளக்கினேன். அவள் குழம்பைக் கிளறிக்கொண்டே கேட்டாள். புரிந்துகொண்டுவிட்டாள் என்று நினைத்தேன்.

நடுவில் இன்னொரு விஷயம். கிராமபோன் ஊசிகள் கன்னாபின்னாவென்று தீர்ந்தன. ஒரு டப்பா இரண்டு மாதம் வரும் என்று நான் போட்ட கணக்கு, மூன்று வாரத்தில் கவிழ்ந்தது. பாய் டப்பாவில் குறைத்துப் போடுகிறார் என்று அவரிடமே சண்டைக்குப் போனேன். அவர் தாடியைத் தடவிக்கொண்டு, வீட்டில் விசாரித்துப் பாருங்கள் முசே என்றார். வீட்டில் எலிதான் இருக்கிறது, எலி ஊசி தின்னுமா என்று கேட்டுவிட்டு வந்தேன்.

போன மாதம் அதே பாய்தான் செய்தி சொன்னார். உப்பளத்தில் எலேன் மதாம் என்று ஒரு அம்மாள். நம் ஊர்க் கிறிஸ்தவக் குடும்பம்தான். கணவர் எட்டு வருஷமாகச் சைகோனில் வேலை. இப்போது அங்கே வீடு பார்த்துவிட்டு மனைவியை வரச் சொல்லிவிட்டார். வீட்டில் ஒரு பியானோ இருக்கிறது, கப்பலில் கொண்டுபோக முடியாது. பாய் அதைக் காரைக்காலில் ஒரு வீட்டுக்குப் பேசி முடித்திருந்தார்.

என் பாட்டின் பெயரைச் சொல்ல இந்த ஊரில் ஓர் ஆள்! அடுத்த நாளே போனேன். பெயர் தெரியாத பாட்டைப் பற்றி எப்படி விசாரிப்பது? வாசலில் நின்று ஹம் செய்தேன். நடுத்தர வயதுள்ள ஒருவன் முன்பின் தெரியாத பெண்மணி வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஹம் செய்வது பார்க்க நன்றாக இருக்காதுதான். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. ஆனால் மதாம் நான்காவது சுரத்திலேயே கண்டுபிடித்துவிட்டார். பெயரும் சொன்னார். ஓர் எழுத்து, இரண்டு நம்பர். எங்கள் கோர்ட்டு வழக்குக்கு நம்பர் கொடுக்கிற மாதிரியே இருந்தது. ஆகையால் வீட்டுக்கு வருவதற்குள் மறந்துவிட்டேன்.

சிறு பெண்ணாகக் கன்னியர் மடத்தில் கற்றுக்கொண்டதாம். நாற்பது வயதிருக்கும் அவருக்கு. பேசும்போது விரல்கள் சும்மா இருப்பதில்லை, நாற்காலிக் கையின் மேல் எதையோ வாசித்துக்கொண்டே இருக்கின்றன.

“எங்கப்பா இருந்தப்ப முழுசா வாசிச்சது முசே. அப்புறம் எப்பவும் பாதிதான். பால்காரன் வருவான், சாமியார் வருவார், கடுதாசி வரும்... போறதுக்குள்ள ஒரே ஒரு தரம் முழுசா வாசிச்சிடணும். சைகோன்ல பியானோவுக்கு நான் எங்க போவேன்?”

திங்கட்கிழமை காலை ஆட்கள் வந்து பியானோவைத் தூக்கிவிடுவார்கள். புதன்கிழமை கப்பல். ஆகவே ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு பேரைக் கூப்பிட்டு வாசிக்கப் போகிறார். அவசியம் வரவேண்டும் என்று என்னையும் தனத்தையும் அழைத்தார். மூன்று வாரம் தினமும் பழகினார் என்று பாய் பிறகு சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை போனோம். அக்கம்பக்கத்துக் குடும்பங்கள், மதாமின் சித்தப்பா ஒருவர், காசிம் பாய். ஒருவருக்கும் இந்தச் சங்கீதத்தோடு பழக்கமில்லை. “முசே வீட்டுல இதே பிளேட் இருக்குது, அவருக்கு எல்லாம் அத்துப்படி” என்று பாய் கூடம் முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். எனக்கு முன்வரிசையில் மெத்தை வைத்த நாற்காலி. நானும் மறுக்கவில்லை. முன்வரிசையை மறுத்த மனிதனை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

மதாம் வாசிக்க ஆரம்பித்தார்.

என்ன சொல்ல! தகர டப்பாவுக்குள்ளிருந்து ஆறு மாதமாகக் கேட்டது இப்போது காலடித் தரை வழியாக ஏறி வந்தது. முதல் பிளேட் முடிந்தது. அடுத்து ஓட்டம் வரவேண்டும்... வரவில்லை. நேராக மெதுவான பகுதிக்குப் போய்விட்டார்.

எனக்குப் பகீரென்றது. நடுவில் இருப்பதை விட்டுவிட்டாரே! பாவம், பழக்கம் விட்டுப்போய்விட்டது, அந்த ஓட்டம் இனி விரலுக்கு வராது போலிருக்கிறது. சரி, பெரிய மனது பண்ணுவோம். இந்தக் குறை இங்கே யாருக்கும் தெரியப்போவதில்லை. தெரிந்தவன் நான் ஒருவன். நான் காட்டிக்கொள்ள மாட்டேன். கடைசியில் பலமாகக் கைதட்டி இதை மறைத்துவிடுவது என் கடமை என்று தீர்மானித்தேன்.

மூன்று தட்டு வந்தது. ஒன்று. இரண்டு. மூன்றாவது... தாமதித்து, விழுந்தது.

எழுந்து நின்று தட்டினேன். “பிராவோ” என்றுகூடச் சொன்னேன். தெரிந்தவரே எழுந்துவிட்டால் மற்றவர்கள் உட்கார்ந்திருப்பார்களா? கூடமே எழுந்து தட்டியது. தூங்கிக்கொண்டிருந்த சித்தப்பா விழித்து எல்லோரையும்விட அதிகமாகத் தட்டினார். உள்ளேயிருந்து காப்பித் தட்டு வந்தது, கேக்கு வந்தது. நாற்காலிகள் நகர்ந்தன. பக்கத்து வீட்டுக்காரர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஏதோ நானே வாசித்த மாதிரி நானும் குலுக்கினேன்.

மதாம் ஒரு கணம் அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு சிரித்தார். “மெர்சி முசே” என்று நன்றி சொல்லிப் பியானோ மூடியை மெதுவாக இறக்கினார்.

திரும்பி வரும்போது புஷ்புஷ் வண்டியில் நான் பேசிக்கொண்டே வந்தேன். வாய்க்கால் தாண்டியதும் தனம் சொன்னாள்.

“அந்தம்மா முடிக்கலீங்க. நீங்க தட்டுனப்ப அவங்க ரெண்டு கையும் மேலதான் இருந்துது.”

மூச்சு வாங்குவதற்காகத் தூக்கியிருப்பார் என்றேன். மங்களம் என்றேன். விட்டுப்போன நடுப்பகுதியைப் பற்றி, நான் காட்டிய பெருந்தன்மையைப் பற்றிச் சொன்னேன். வண்டியைத் தள்ளுகிறவர் இருமினார். அது யாருக்கு ஆதரவான இருமல் என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் தனம் புடவைகூட மாற்றவில்லை. நேராகக் கிராமபோனிடம் போனாள். சாவி கொடுத்தாள், ஊசி மாற்றினாள், முதல் பிளேட்டைப் போட்டாள். கை தடுமாறவே இல்லை. இவள் இதை எப்போது கற்றுக்கொண்டாள் என்று வியந்துகொண்டு உட்கார்ந்தேன். முதல் பிளேட் முடிந்தது. அடுத்து விரிசல் பிளேட். மூன்று தட்டு, மூன்றாவதற்குத் தாமதம். பிறகு என் ‘நடு’ பிளேட்டைப் போட்டாள்.

அது எப்படித் தொடங்கியது தெரியுமா? அதே சுரம், அதே மூன்று தட்டு. இந்தத் தரம் தாமதம் இல்லாமல் தடதடவென்று. வாசலில் நின்றவருக்குக் கதவு திறந்துவிட்டது. ஆறு மாதமாக அந்தத் தொடக்கத்தைக் கேட்டிருக்கிறேன், என் வரிசையில் அது எதற்கும் பதிலாக இருந்ததில்லை. அதன்பின் அந்த ஓட்டம் ஓடி ஓடி, கடைசியில் இரண்டு கையும் சேர்ந்து ஒன்றாக விழுந்து நின்றது. அதற்கு மேல் ஒரு சுரம் வைக்க இடம் இல்லை. சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும், அதுதான் முடிவு.

உனக்கு எத்தனை நாளாகத் தெரியும் என்று கேட்டேன்.

“மொத வாரமே சொன்னேனே. நீங்கதான் மங்களம்னீங்க. நீங்க கோர்ட்டுக்குப் போனதும் நான் இப்பிடித்தான் போட்டுக் கேக்கறேன், தெனமும்.”

ஊசி தின்ற எலி அகப்பட்டது.

என்னை விட்டுவிட்டு, என் காதலியை, என் மனைவி பகலில் சந்தித்துக்கொண்டிருந்திருக்கிறாள்! கோபம் வர வேண்டும். வரவில்லை. அவளும் அந்த மூன்றாவது தட்டுக்காக அடுப்படியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பாள் என்று நினைத்தபோது, கல்யாணமாகி இருபத்து இரண்டு வருஷத்தில் முதல்முறையாக அவளிடம் என்ன பேசுவதென்று தெரியாமல் இருந்தேன். ஆனால் அதைவிடப் பெரிதாக இன்னொன்று நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. ஒரே ஒரு தரம் முழுசாக வாசிக்க வேண்டும் என்று ஒரு பெண் ஆசைப்பட்டாள். பால்காரன் பாதியில் நிறுத்தினான், சாமியார் நிறுத்தினார். கடைசித் தரம் நிறுத்தியது நான். அதுவும் கைதட்டி. எனக்கு மிகவும் வெட்கமாக இருந்தது.

திங்கட்கிழமை காலை கோர்ட்டுக்கு வயிற்றுவலி என்று சொல்லியனுப்பினேன். தனமும் வந்தாள்.

போய்ச் சேர்ந்தபோது பியானோ தாழ்வாரத்துக்கு வந்துவிட்டிருந்தது. கால்களில் சாக்கு சுற்றி, உடம்பெல்லாம் கயிறு. நான்கு ஆட்கள் தூக்கத் தயாராக நின்றார்கள். தெருவில் மாட்டுவண்டி. பாய் ரயிலுக்கு நேரமாகிறது என்று அவசரப்படுத்திக்கொண்டிருந்தார்.

மதாமிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கரப்பான், லேபிள், என் வரிசை, மங்களம், என் பெருந்தன்மை. ஒன்றையும் விடவில்லை. அவர் கோபித்துக்கொண்டிருந்தால் தேவலை என்றிருந்தது. அவர் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. வந்த தண்ணீர் சிரிப்பு நின்ற பிறகும் நிற்கவில்லை.

“எல்லாரும் எழுந்துட்டாங்க முசே. உக்காருங்கன்னு எப்பிடிச் சொல்றது? படுத்தா தலகாணி மேலயே வெரலு மிச்சத்த வாசிச்சிட்டிருக்குது.”

நான் பாயைப் பார்த்தேன். பாய் வண்டியைப் பார்த்தார். வண்டிக்காரர் மாட்டைப் பார்த்தார். கொஞ்ச நேரம் தாடியைத் தடவிவிட்டுப் பாய் ஆட்களிடம் கயிற்றை அவிழ்க்கச் சொன்னார். அடுத்த ரயில் ஒன்று இருக்கிறதாம். இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை.

உட்கார முக்காலி இல்லை, அது முன்பே மூட்டைக்குள் போய்விட்டது. சைகோனுக்குக் கட்டி வைத்திருந்த டிரங்குப் பெட்டியை ஆட்களே இழுத்துப் போட்டார்கள். மதாம் அதன்மேல் உட்கார்ந்து மூடியைத் திறந்தார். மிச்சத்தை மட்டும் வாசித்துவிடுகிறேன், உங்களுக்கெல்லாம் வேலை இருக்கும் என்றார்.

“மொதல்லேர்ந்து, மதாம். முழுசா” என்றாள் தனம்.

முழுசாக வாசித்தார். தாழ்வாரத்துக்கு வெளியே மீன்காரி ஒருத்தி கூடையை இறக்கி வைத்தாள். ஆட்கள் குந்திக்கொண்டார்கள். சாக்கு சுற்றிய பியானோவிலிருந்து சத்தம் கொஞ்சம் மந்தமாகத்தான் வந்தது, நடுவில் ஒரு மாடு குரல் கொடுத்தது. மெதுவான பகுதி வந்தது. ஒன்று. இரண்டு. தனத்தை ஓரக்கண்ணால் பார்த்தேன். அவளும் மூச்சு விடவில்லை. மூன்று.

மதாமின் இரண்டு கைகளும் மேலே நின்றன. திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் என் கைகள் இரண்டையும் கக்கத்தில் வைத்துக்கொண்டேன். கதவு திறந்தது. ஓட்டம் ஓடியது. அப்பா இருந்தபோது வாசித்த அந்தச் சிறு பெண் ஓடின ஓட்டம் அது. கடைசியில் இரண்டு கையும் ஒன்றாக விழுந்தன.

ஆட்கள், பாய், மீன்காரி, எல்லோரும் என்னையே பார்த்தார்கள். எனக்குத்தான் அத்துப்படி என்று பாய் அவர்களிடமும் சொல்லி வைத்திருந்தார். எனக்குக் கை எழவில்லை. முடிந்துவிட்டது என்று தெரியும், ஆனாலும் பயம். தனத்தைப் பார்த்தேன். அவள் மதாமின் விரல்கள் கட்டைகளை விட்டு எழுந்து மடியில் வந்து அமர்கிறவரை பொறுத்திருந்தாள். அன்றைக்குத்தான் கவனித்தேன், அந்த விரல்கள் மடியில் அசையாமல் கிடந்தன.

“ம்... இப்பத் தட்டுங்க” என்றாள்.

இந்தப் பத்தியையும் அவளிடம்தான் முதலில் படித்துக் காட்டினேன். பியானோ காரைக்கால் போனது, கப்பல் புறப்பட்டது, பிளேட்டுகளுக்கு நான் புது லேபிள் ஒட்டியது என்று இன்னும் இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தேன். அவள் இந்த இடத்தில் விரல் வைத்து, இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்றாள்.

நிறுத்திவிட்டேன்.